கதை எழுதப் படித்த ஊர்

புதுமைப்பித்தன் காலமானது திருவனந்தபுரத்தில். 'ராஜமுக்தி' பட வேலையாகப் புனே போனவர், காசநோயோடு மனைவி கமலாவின் ஊருக்கு வந்து சேர்ந்தார். 1948 ஜூன் 30 அன்று இறந்தார். வயது 42. தமிழில் சிறுகதையை எத்தனை விதமாக எழுதலாம் என்று எழுதியே காட்டிய மனிதர் அவர். அவர் மறைந்த அந்த வருஷத்தில், இதே ஊரில் கதை எழுத ஆசைப்பட்ட ஒரு தமிழ்ப் பையனுக்குக் கற்றுக்கொள்ள என்ன இருந்தது? இன்று ஆசைப்படும் பெண்ணுக்கும் பையனுக்கும் என்ன இருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தம்பானூரில் நின்றுகொண்டு பதில் தேடலாம் என்று நினைக்கிறேன்.

தம்பானூர் ஏன் என்றால், தமிழ் எழுத்து இந்த ஊருக்குள் வந்த வாசல் அதுதான். 1931-ல் ரயில் தம்பானூர் வரை வந்தது. மெட்ராஸ் போகிற தண்டவாளம் கொல்லம், செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து போயிற்று. தெற்கே நாகர்கோவிலுக்கு ரயில் வர 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை பஸ்தான். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்து, நடுவில் ஒரு மாநில எல்லை விழுந்த பிறகும் அந்த பஸ் நிற்கவில்லை. எழுத்தாளர்களும், கையெழுத்துப் பிரதிகளும், சிறுபத்திரிகைக் கட்டுகளும் அந்த வழியில்தான் போய் வந்தன. ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சாலைக் கம்போளம். அதைத் தாண்டிக் கிள்ளிப்பாலம் பக்கம் போனால் தமிழ்ச் சங்கம். வடக்கே பாளையத்தில் 1829-ல் தொடங்கிய பொது நூலகம். கதை எழுதக் கற்றவர்களின் பள்ளிக்கூடம் இந்த வட்டத்துக்குள்தான் இருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் பாடம் மொழிபெயர்ப்பு. புதுமைப்பித்தனே அப்படித்தான் பயின்றார். அவர் தமிழில் தந்த பிறநாட்டுக் கதைகள் ஏறத்தாழ 50 இருக்கும். ஒரு ரஷ்யக் கதையையோ பிரெஞ்சுக் கதையையோ ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கும்போது, அந்த எழுத்தாளர் எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டார் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். படிக்கும்போது தாண்டிப் போய்விடுகிற வரியை மொழிபெயர்க்கும்போது தாண்ட முடியாது. ஒரு பெண் அழுதாள் என்று எழுதாமல் அவள் முந்தானையைச் சரிசெய்தாள் என்று மட்டும் ஏன் எழுதியிருக்கிறார் என்று நின்று யோசித்தாக வேண்டும். எந்தக் கையேடும் இதைவிட நன்றாக இதைச் சொல்லித்தர முடியாது.

நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியும் இதே வழியில்தான் வந்தார். பிள்ளைப் பருவத்தில் மலையாளம் படித்தவர். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது பதினெட்டு வயதுக்குப் பக்கத்தில். எழுத வந்த தொடக்கக் காலத்திலேயே தகழியின் 'தோட்டியின் மகன்' நாவலைத் தமிழாக்கினார், பிறகு 'செம்மீன்'. பின்னாளில் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடைபோட்டு எழுதிய அந்தக் கைக்கு, பேச்சுமொழியின் கூர்மையையும் தாழ்த்தப்பட்ட மனிதனின் பக்கம் நின்று சொல்லும் துணிவையும் முதலில் கொடுத்தது தகழியின் மலையாளம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாலைத் தெருவில் ஆ. மாதவன் கதை இன்னும் நெருக்கமானது. 1934-ல் பிறந்தவர். படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். அதுவும் பள்ளி இறுதியோடு சரி. பிறகு கடைத்தெருவில் கடை. கல்லூரி வாசம் இல்லாத அவருக்கு உலக இலக்கியம் வந்தது மலையாள மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான். நாலப்பாட்டு நாராயண மேனோன் 1925-லேயே விக்டர் ஹ்யூகோவின் பெரிய நாவலைப் 'பாவங்கள்' என்று மலையாளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். 1945-ல் பி. என். பணிக்கர் ஊர் ஊராக இருந்த படிப்பகங்களை ஒன்றுசேர்த்துத் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கத்தை அமைத்தார். அந்த நூலக இயக்கத்தால், கடையில் வேலை பார்க்கிற பையன் கைக்கும் நல்ல புத்தகம் வந்தது. அதே 1945-ல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூட்டுறவுப் பதிப்பகம் தொடங்கினார்கள். அண்டைவீட்டு மொழி இவ்வளவு உதவியாக அமைந்தது தமிழ் எழுத்தாளர்களில் இந்த ஊர்க்காரர்களுக்குத்தான்.

மாதவன் பிறகு அந்தக் கடனைத் திருப்பியும் கொடுத்தார். காரூர் நீலகண்ட பிள்ளை, மலையாற்றூர் ராமகிருஷ்ணன், பி. கே. பாலகிருஷ்ணன் ஆகியோரின் படைப்புகளைத் தமிழுக்குத் தந்தார். அவருடைய சொந்தக் கதைகளில் மூட்டை தூக்குபவரும், பொறுக்கித் தின்பவரும், கடைத்திண்ணையில் படுத்துக் கிடப்பவரும் வருகிறார்கள். அவர்களைப் பற்றி அவர் எங்கும் இரக்கப்பட்டுப் பேசுவதில்லை. அவர்கள் செய்வதைச் சொல்கிறார், நிறுத்துகிறார். வாசகன்தான் திடுக்கிட வேண்டும். காரூரை வரி வரியாகத் தமிழாக்கிப் பார்த்தால் இந்த அடக்கம் எங்கிருந்து வரக்கூடும் என்று விளங்கும். 1982-ல் வந்த 'கிருஷ்ணப் பருந்து' நாவலை, எழுதக் கற்பவர்கள் இரண்டு முறை படிக்கவேண்டிய புத்தகம் என்பேன். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை, ஆசை என்ற சொல்லை எடுத்துக்காட்டாமலேயே ஆசை எப்படி வளர்த்தெடுக்கப்படுகிறது என்று பார்ப்பதற்காக.

எழுத்துக்கலை பற்றிய நூல்கள் என்று எடுத்துக்கொண்டால், அதிலும் மலையாளம் முந்திக்கொண்டது. எம். பி. பால் 1930-ல் நாவல் பற்றி ஒரு நூலும், 1932-ல் சிறுகதை பற்றி ஒரு நூலும் எழுதிவிட்டார். எம். டி. வாசுதேவன் நாயரின் 'காதிகன்டே பணிப்புர' 1963-ல் வந்தது. கதைக்காரன் தன் பட்டறைக் கதவைத் திறந்து, சிராய்த்தூள் கிடக்கிற தரையோடு காட்டுகிற புத்தகம் அது. ஒரு கதை மனத்தில் எப்படி விழுகிறது, எத்தனை நாள் ஊறுகிறது, எதை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது என்பதை எழுதிப் பேர்பெற்ற ஒருவரே சொன்னார். பத்திரிகை ஆசிரியராக இருந்து இளம் எழுத்தாளர்களைத் தேடிப்பிடித்து வளர்த்தவரும் அவரே.

தமிழில் இருந்தவை வேறு வகை. க. நா. சு.வின் 'படித்திருக்கிறீர்களா?' 1957-ல் வந்தது. எழுதுவது எப்படி என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது; எதைப் படிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லும். ஆனால் ஒருவன் எழுத்தாளனாக அதுவே பாதி வழி. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கினார். கதையைப் பிரித்துப் போட்டு, தொடக்கம் எங்கே, திருப்பம் எங்கே, உத்தி என்ன என்று பொறுமையாக ஆராய்கிற பழக்கத்தை அவர் உண்டாக்கினார். 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' என்ற அவர் நூல் இன்றும் பயன்படும். வெகுஜன எழுத்தின் பக்கம், மகரம் பல எழுத்தாளர்களிடம் கட்டுரை வாங்கித் தொகுத்த 'எழுதுவது எப்படி?' தொகுதிகள் இருந்தன. பின்னால் ரா. கி. ரங்கராஜன் 'எப்படிக் கதை எழுதுவது?' என்று தபாலிலேயே பாடம் நடத்தினார். தபாலில் வந்த பாடத்தைப் படித்துவிட்டு, வெளியூரில் உட்கார்ந்துகொண்டு கதை எழுதி அனுப்பியவர்களை நான் மரியாதையோடு நினைக்கிறேன். யாராவது தன் கதையைப் படிக்கிறார் என்ற நம்பிக்கைதான் அந்தப் பாடங்களுக்குக் கொடுத்த பணத்தின் மதிப்பு.

ஏனென்றால் அந்தக் காலத்தின் உண்மையான பாடநூல் ஆட்கள்தான். திருவனந்தபுரத்தில் அப்படி ஒருவர் நகுலன். டி. கே. துரைசாமி என்ற பெயரில் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். வர்ஜீனியா வுல்ஃபை ஆராய்ந்தவர். கவடியாரில் கோல்ஃப் லிங்க்ஸ் ரோடு வீட்டில் தனியாக வாழ்ந்தார். நனவோடை என்று நாம் இன்று வகுப்பில் கற்கிற உத்தியை, அவர் மூலத்திலிருந்தே எடுத்து 'நினைவுப்பாதை'யிலும் 'நாய்கள்' நாவலிலும் தமிழ் வீட்டுக்குள் குடிவைத்தார். 1968-ல் அவர் தொகுத்த 'குருக்ஷேத்திரம்' எப்படிப்பட்ட காரியம் என்பது இன்று அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை. பதிப்பகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் எட்டாத தொலைவில் இருந்துகொண்டு, தன் தரத்துக்கு ஏற்றவர்களின் எழுத்தைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அதே ஊரில் மின்வாரியத்தில் வேலை பார்த்துக்கொண்டு நீல. பத்மநாபன் எழுதினார். 1968-ல் 'தலைமுறைகள்', இரணியல் பக்கத்துச் செட்டிமார் குடும்பத்தின் பேச்சை அப்படியே உள்ளே கொண்டுவந்தது. அடுத்து வந்த 'பள்ளிகொண்டபுரம்', அனந்தன் நாயர் என்ற ஒருவரின் ஓரிரு நாள் நடமாட்டத்துக்குள் ஒரு முழு வாழ்க்கையையும் ஒரு நகரத்தையும் அடக்கியது. காலத்தை எப்படிச் சுருக்குவது, எப்படி விரிப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். இந்த நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே கோட்டையிலிருந்து பத்மநாபசுவாமி கோவிலைச் சுற்றி நடக்கலாம். எந்தத் திருப்பத்தில் நினைவு குறுக்கே வருகிறது என்று ஒவ்வொரு தெருவிலும் நின்று பார்க்கலாம்.

இந்தச் சித்திரத்தில் ஒரு பெரிய குறை உண்டு. மாலை வேளைகளில் கடைத் திண்ணையிலும் நண்பர் வீட்டிலும் உட்கார்ந்து இரவு கடைசி பஸ் வரை இலக்கியம் பேசக்கூடியவர்கள் ஆண்கள்தான். பெண்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை. விதிவிலக்கான ஹெப்சிபா ஜேசுதாசன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். அவருக்கு வீட்டிலேயே ஒரு வாசகர் இருந்தார். கணவர் சி. ஜேசுதாசன் தமிழ்ப் பேராசிரியர். 1964-ல் வந்த 'புத்தம் வீடு' தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று. ஆனால் அப்படி ஒரு வீடு வாய்க்காத எத்தனை பெண்களின் நாவல் எழுதப்படாமலே போயிற்றோ! அன்றைய நாளைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி இன்றைக்கு வருவோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பெரிய கட்டடமாகிவிட்டது. பக்கத்தில் லாரி பேக்கர் செங்கல்லில் சுழற்றிக் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. சரிந்து ஏறுகிற தரையில், சுவரோடு சேர்ந்த பெஞ்சுகளில், யாரும் விரட்டாத நேரத்தில் ஒரு நோட்டை விரித்து வைத்து எழுதலாம். கைபேசியில் எல்லாம் இருக்கிறது. பிராண்டன் சாண்டர்சன் பல்கலைக்கழகத்தில் நடத்துகிற நாவல் வகுப்பு முழுவதும் யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது. அன்று நகுலன் வீட்டு அலமாரியில் இருந்தால்தான் உண்டு என்ற நிலையில் இருந்த பழைய தமிழ்க் கதைகள், மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் படிக்கக் கிடைக்கின்றன. ஜெயமோகன் 1990களின் தொடக்கத்தில் 'நாவல்' என்று ஒரு நூலும், பிறகு 'எழுதும் கலை'யும் எழுதினார். முதல் நூல் நாவல் என்றால் என்ன என்று சண்டை போடுகிறது. இரண்டாவது தொடங்குகிறவனின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. பா. ராகவனின் 'எழுதுதல் பற்றிய குறிப்புகள்' தினமும் எழுதி வாழ்கிற ஒருவரின் அனுபவம். அவர் இணையவழி எழுத்து வகுப்பும் நடத்துகிறார். கரமனையில் ஒரு வீட்டுச் சமையலறையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஒரு பெண் அப்படி ஒரு வகுப்பில் உட்கார முடிகிறது. கடைசி பஸ்ஸைப் பற்றி அவள் யோசிக்க வேண்டாம். இந்த ஒரு மாற்றத்துக்காகவே நான் இந்தக் காலத்தை வாழ்த்துவேன்.

ஆங்கிலத்தில் வந்த கையேடுகளுக்கு அளவே இல்லை. அவற்றில் பெரும்பகுதியை விட்டுவிடலாம். குறிப்பாகத் திரைக்கதைக் கையேடுகள். சிட் ஃபீல்ட் 1979-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய மூன்று அங்கக் கணக்கு, பக்கத்துக்குப் பக்கம் திருப்பம் வைக்கச் சொல்லும் விதிகள் இவையெல்லாம் சினிமாவுக்குச் சரி. சுஜாதாவே 'திரைக்கதை எழுதுவது எப்படி?' என்று தனியாகத்தான் எழுதினார். கேரளத்தில் சினிமா மோகமும் திரைப்பட விழாவும் சேர்ந்துகொள்வதால், கதை எழுத வருகிற பிள்ளைகள் முதலில் எடுப்பது இந்தப் புத்தகங்களைத்தான். அதன்பிறகு அவர்கள் எழுதும் சிறுகதையில் மனிதர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர் மனத்துக்குள்ளும் நம்மால் நுழைய முடிவதில்லை. கேமரா போக முடியாத இடத்துக்குப் போவதற்குத்தானே உரைநடை?

நான் மூன்று புத்தகங்களைச் சொல்வேன். ஜார்ஜ் சாண்டர்ஸ் 2021-ல் எழுதிய 'எ ஸ்விம் இன் எ பாண்ட் இன் த ரெய்ன்' முதலாவது. ரஷ்ய மேதைகளின் ஏழு கதைகளை எடுத்துக்கொண்டு, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களோடு படித்த விதத்தை எழுதியிருக்கிறார். செகாவின் ஒரு கதையை ஒரு பக்கம் மட்டும் கொடுத்து நிறுத்திவிடுகிறார். இதுவரை உனக்கு என்ன தெரியும், எதைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறாய் என்று கேட்கிறார். பிறகு அடுத்த பக்கம். நம் செல்லப்பா செய்ததும் இதே காரியம்தான். இரண்டாவது, உர்சுலா லெ குவின் 1998-ல் எழுதிய 'ஸ்டீயரிங் தி கிராஃப்ட்'. மெல்லிய புத்தகம். வாக்கியத்தின் ஓசை, நீளம், பார்வைக்கோணம் என்று ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு. கடைசியில் ஒரு பகுதி, நான்கைந்து பேர் சேர்ந்து ஒருவர் எழுத்தை ஒருவர் எப்படிப் படிப்பது என்று சொல்கிறது. மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது முக்கியமான விதி.

மூன்றாவது, ஜான் கார்ட்னரின் 'தி ஆர்ட் ஆஃப் ஃபிக்ஷன்'. அதில் புகழ்பெற்ற ஒரு பயிற்சி உண்டு. போரில் மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை ஒரு களஞ்சியத்தைப் பார்க்கிறார். அவர் கண்ணில் படுவதை எழுத வேண்டும். மகனையோ போரையோ சாவையோ குறிப்பிடக் கூடாது. களஞ்சியத்துக்குப் பதிலாகத் தம்பானூரை வைத்துக்கொள்ளலாம். பெருமழையில் தம்பானூரில் தண்ணீர் கட்டிக்கொள்வது ஊருக்கே தெரிந்த விஷயம். 2015-ல் ஆபரேஷன் அனந்தா என்று அடைபட்ட கால்வாய்களைத் திறந்துவிட ஒரு பெரிய வேலையே நடந்தது. அப்படித் தண்ணீர் கட்டிய ஒரு நாள் காலை மகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். முதலில் எல்லோரும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: மழை கொட்டியது, அவர் மனம் கனத்தது, கண்ணீரும் மழையும் ஒன்றாயின. இதை அடித்துவிட்டு மறுபடி எழுதினால் இப்படி வரலாம்: "நெய்யாற்றின்கரை போர்டு போட்ட வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. படியில் நின்ற பெண்பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு ஒற்றைச் செருப்புதான் கிடைத்தது. மற்றது மிதந்து போயிற்று. அவர் குனிந்து அதைப் பிடித்து, வண்டி நகர்ந்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்." இங்கே மகள் என்ற சொல் இல்லை. ஆனால் முந்தைய பக்கத்தில் அவள் போனது வாசகனுக்குத் தெரிந்திருந்தால் அந்தச் செருப்பு போதும். பார்க்கிறவரின் நிலைதான் எதைப் பார்க்கவேண்டும் என்று முடிவுசெய்கிறது. கண்ணில் படுகிற மற்றதெல்லாம் கதையில் வர வேண்டியதில்லை. இந்தப் பயிற்சியை ஒரு மணி நேரம் செய்தால் நூறு பக்கக் கையேடு மிச்சம்.

கார்ட்னரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். அவருடைய மாணவராக இருந்தவர் ரேமண்ட் கார்வர். கார்ட்னர் தன் கதைகளை வரி வரியாக, ஒவ்வொரு சொல்லாக, காற்புள்ளி வரை எடுத்துவைத்துப் பேசியதைக் கார்வர் நன்றியோடு எழுதியிருக்கிறார். உலகம் முழுவதும் விற்கிற கார்ட்னரின் புத்தகம் கார்வரை உருவாக்கவில்லை. அப்போது அது எழுதப்படவே இல்லை. உருவாக்கியது அவர் கொடுத்த அந்த நேரம்.

இன்று குறைந்துபோனது அந்த நேரம்தான். பாராட்டு இன்று தாராளமாகக் கிடைக்கிறது; ஒரு நொடியில் நூறு பேர் அருமை என்கிறார்கள். உன் மூன்றாவது பத்தியிலேயே கதை முடிந்துவிட்டது, மீதி எதற்கு என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்ல அவர் அந்தக் கதையை இரண்டு முறை படித்திருக்க வேண்டும். நகுலன் 2007-லும் மாதவன் 2021-லும் போய்விட்டார்கள். 2010-ல் முதல் விஷ்ணுபுரம் விருதை மாதவனுக்கு அளித்தார்கள். 2015-ல் சாகித்ய அகாதமி விருதும் வந்தது. அந்த விருதுகளால் அவர் புத்தகங்களைத் தேடிப் படிக்கிறவர்கள் கூடினார்கள். ஆனால் மற்றவர்கள் போய் நின்று பேசிய அவருடைய கடைக்கு மாற்று இன்னும் இந்த ஊரில் அமையவில்லை.

அமைக்க முடியும். திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்து, தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறார்கள். பெரியவர்கள் இதைச் சொல்லி வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் முழுமையாக இல்லை. சுந்தர ராமசாமியும் மாதவனும் தொடங்கிய இடம் அதுவேதான். இந்தப் பிள்ளைகள் காரூரையும் பஷீரையும் எம்.டி.யையும் மூலத்தில் படிக்கக்கூடியவர்கள். சென்னைப் பிள்ளைக்கு இல்லாத சொத்து இது. வாரம் ஒரு நாள், நான்கு பேர், ஒரு காபி ஹவுஸ் பெஞ்சு. ஒருவர் காரூரின் ஒரு கதையில் இரண்டு பக்கத்தைத் தமிழாக்கிக் கொண்டுவரட்டும். இன்னொருவர் தன் சொந்தக் கதையின் முதல் பக்கத்தைப் பிரதியெடுத்து மூன்று பேருக்கும் கொடுக்கட்டும். லெ குவின் சொன்னபடி, எழுதியவர் பேசாமல் கேட்கட்டும். தமிழ் வேகமாகப் படிக்க வராதவருக்கு மற்றவர் வாய்விட்டு வாசித்துக் காட்டலாம். வாய்விட்டு வாசிக்கும்போது பொய்யான வசனம் தானே இடறும். நாகர்கோவிலிலிருந்தும் ஒருவர் சேர்ந்துகொள்ளலாம். இப்போது ரயிலும் இருக்கிறது. மாலை வண்டியில் திரும்பிவிட முடியும்.